அவர் பெயரில், அவர் கையில்: அகதித் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் துணை நிற்கப் புதிதாக வருபவர்களுக்கு

உயிருக்கு அஞ்சி நாட்டை விட்டு வந்த ஒரு தாய்க்கும் பிள்ளைகளுக்கும் துணையாக இருக்க முன்வந்திருக்கிறீர்கள். ஒரு தொண்டு அமைப்பு உங்களிடம் முகவரி ஒன்றைக் கொடுத்திருக்கலாம். அல்லது பக்கத்து வீட்டுக்கே அப்படி ஒரு குடும்பம் குடிவந்திருக்கலாம். எங்கிருந்து தொடங்குவது என்று புரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உலகம் முழுவதும் வன்முறையாலும் போராலும் இடம்பெயர்ந்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்கிறது ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம். உலக மக்கள்தொகையில் அந்த வயதினரின் பங்கு சுமார் 30 விழுக்காடுதான். அந்தப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது பெரும்பாலும் தாய். ஆனால் விண்ணப்பத்தில் முதலில் இருக்கும் பெயர் கணவருடையதாக இருக்கும். வங்கிக் கணக்கு உறவினர் ஒருவருடையதாக இருக்கும். தொடர்பு எண் என்று எழுதப்பட்டிருப்பது உதவிக்கு வந்த யாரோ ஒருவருடைய எண்ணாக இருக்கும். இதை மாற்றுவதுதான் நம் வேலையின் சாரம் என்பது என் உறுதியான எண்ணம். எதைச் செய்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது யார் பெயரில் இருக்கிறது? இந்த முடிவை எடுத்தவர் யார்? இரண்டுக்கும் விடை அந்தப் பெண்ணாக இல்லையென்றால், கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

1. போவதற்கு முன்

அகதி என்று பொதுவாகச் சொன்னாலும் சட்டத்தின் முன் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. புகலிடம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் ஒரு வகை. அகதியாக ஏற்கப்பட்டவர் இன்னொரு வகை. வேறொரு நாட்டில் இருக்கும்போதே தேர்ந்தெடுக்கப்பட்டு மீள்குடியமர்வில் வந்தவர்களும், போர் காரணமாகத் தற்காலிகப் பாதுகாப்பு பெற்றவர்களும் உண்டு. வேலை செய்யலாமா, உதவித்தொகை கிடைக்குமா, வேறு ஊருக்குக் குடிபோகலாமா என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. அமைப்பிடம் முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய நிலைமைக்காக எழுதப்பட்ட அதற்கு இருந்த கால எல்லையையும் இட எல்லையையும் 1967ஆம் ஆண்டின் நெறிமுறை நீக்கியது. உடன்படிக்கையில் மூன்று பிரிவுகளையாவது தெரிந்து வைத்திருங்கள். உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 33. ஆபத்திலிருந்து நேராகத் தப்பி வந்து தாமதமின்றி அதிகாரிகளிடம் முன்னிலையாகி, வந்ததற்குத் தக்க காரணமும் காட்டுபவரை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்பது 31. தொடக்கக் கல்வியில் அகதிப் பிள்ளைகளை அந்நாட்டுப் பிள்ளைகளைப் போலவே நடத்த வேண்டும் என்பது 22. இந்த உடன்படிக்கையில் சேராத நாடுகளும் பல உண்டு. அங்கே உள்நாட்டு விதிகளும் ஆணையத்தின் பதிவும்தான் கைகொடுக்கும்.

இதைப் படித்துவிட்டுச் சட்ட ஆலோசனை சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் குடிவரவு ஆலோசனை வழங்குவது சில நாடுகளில் குற்றம். நல்ல வழக்கறிஞரிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திடமோ அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை. அதற்கு மேல் போகாதீர்கள்.

அமைப்பு கேட்கும் காவல்துறைச் சான்றிதழைத் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடவே போடாதீர்கள், முகம் தெரியாவிட்டாலும்கூட. ஒரு சன்னலும் ஒரு தெருப்பலகையும் போதும், தேடி வருபவனுக்கு.

2. முதல் வாரம்

மூட்டை மூட்டையாகப் பழைய துணிகளோடு போய் நிற்காதீர்கள். வெறுங்கையோடு போய், இன்று எது அவசரம் என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் நாம் நினைத்தது இல்லை. கதவுக்கு உள்ளே போடத் தாழ்ப்பாள் வேண்டும் என்பார் ஒருவர். குளியலறைக்குப் போகும் வழியில் விளக்கு வேண்டும் என்பார் இன்னொருவர். மாதவிடாய்த் துணியோ நாப்கினோ தீர்ந்துபோயிருக்கும். கேட்க வாய் வராது. அதைப் பெண் தொண்டர் ஒருவர் கேட்காமலே கொண்டுபோகலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் வெறுங்கை விதி பொருந்தாது.

அவர் பெயரில் ஒரு சிம் கார்டு. அவரே வைத்த கடவுச்சொல்லோடு ஒரு மின்னஞ்சல். இரு மொழிகளிலும் எழுதிய முகவரிச் சீட்டு ஒவ்வொரு பிள்ளையின் பையிலும். அவசர எண் எது, அதை அழைத்தால் என்ன கேட்பார்கள், உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று எப்படிச் சொல்வது என்று ஒருமுறை சொல்லிப் பழக்குங்கள். மருந்துக்கடை, பள்ளி, பேருந்து நிறுத்தம் மூன்றுக்கும் அவரோடு நடந்து போங்கள். காரில் அழைத்துப் போனால் வழி மனதில் நிற்காது. திரும்பும்போது அவர் முன்னே நடக்கட்டும்.

ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று கேட்காதீர்கள். அதிகாரி கேட்டிருப்பார், மருத்துவர் கேட்டிருப்பார், முகாமில் கேட்டிருப்பார்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், துருவாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு உதவியாளரின் பணியை மூன்றாகச் சுருக்குகிறது: பார், கேள், இணை. என்ன தேவை என்று பார்ப்பது, சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, உரிய இடத்தோடு இணைத்துவிடுவது. நடந்ததையெல்லாம் சொல்லவைத்தால் மனம் லேசாகும் என்ற நம்பிக்கையோடு பலர் வருகிறார்கள். கட்டாயப்படுத்திச் சொல்லவைப்பது காயத்தைக் கிளறுவதாகவே முடியும்.

3. நடுவில் பேசுபவர் யார்?

மொழி தெரியாத வீட்டில் பத்து வயதுப் பிள்ளைதான் முதலில் புதுமொழி பேசத் தொடங்கும். உடனே மருத்துவமனையிலும் வங்கியிலும் வீட்டு உரிமையாளரிடமும் அந்தப் பிள்ளையே முன்னால் நிற்கும். இதை அனுமதிக்காதீர்கள். தாயின் கருப்பையில் கட்டி இருக்கிறது என்பதைத் தாய்க்கு மகன் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. வாடகை பாக்கியைப் பற்றிய கவலை அந்தப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும். அதோடு வீட்டில் தாயின் சொல்லுக்கு இருந்த எடையும் குறைந்துவிடும். கடையில் விலை கேட்பதற்குப் பிள்ளை உதவட்டும். உடல்நலம், சட்டம், பணம், பள்ளியில் அந்தப் பிள்ளையைப் பற்றியே நடக்கும் பேச்சு, இந்த நான்குக்கும் பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளர் வேண்டும்.

கணவரும் வேண்டாம். அவர் நல்லவராகவே இருந்தாலும், அவர் முன்னால் சொல்ல முடியாத செய்தி ஒரு பெண்ணிடம் இருக்கும்.

மருத்துவமனைகளும் நீதிமன்றங்களும் பல நாடுகளில் உரைபெயர்ப்பாளரை இலவசமாகவே ஏற்பாடு செய்கின்றன. ஆனால் கேட்டால்தான் வரும். நாள் குறிக்கும்போதே கேளுங்கள்: எந்த மொழி, எந்த வட்டார வழக்கு, பெண் வேண்டுமா என்று. சிறிய சமூகங்களில் உரைபெயர்ப்பாளரே ஊர்க்காரராகவும் இருப்பார். பேசியது மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அப்படியானால் வேறு நகரத்தில் இருப்பவரிடம் தொலைபேசி வழியாகப் பேச ஏற்பாடு செய்யலாம். போரின் இரு பக்கங்களிலும் ஒரே மொழி பேசுபவர்கள் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். இவர் வேண்டாம் என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பேசும்போது உரைபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். புரிந்ததா என்று கேட்டால் யாரும் தலையசைத்துவிடுவார்கள். மருந்தை எப்போது, எப்படி எடுக்கப்போகிறீர்கள் என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி பேருந்து நேரத்துக்குப் போதும். மருந்துச் சீட்டுக்கும் நீதிமன்றக் கடிதத்துக்கும் அதை நம்பாதீர்கள்.

4. காகிதங்கள்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வீடும் பள்ளியும் தவறினால் சரிசெய்யலாம். ஒரு கடிதத்துக்குக் குறித்த நாளுக்குள் பதில் போகாவிட்டால் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை திசைமாறிவிடும்.

ஒரு கோப்பு வாங்குங்கள். அவர் பெயரை அவரே எழுதட்டும். வரும் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு சேர்த்து அதில் வைக்கப் பழக்குங்கள். உறையில் உள்ள அஞ்சல் முத்திரைத் தேதி, கடிதம் தாமதமாக வந்ததற்குச் சான்றாகலாம். மேல்முறையீட்டுக்கான கெடு சில நாடுகளில் ஒருசில நாள்கள்தான். முகவரி மாறினால் குடிவரவு அலுவலகத்துக்கும் வழக்கறிஞருக்கும் அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முகவரிக்குப் போன அழைப்பாணையால் நேர்முகத்தைத் தவறவிட்டு, கோரிக்கையைக் கைவிட்டதாகக் கருதப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

பெயரும் தேதியும் ஓயாத தலைவலி. தந்தையின் பெயரையே பின்பெயராகக் கொள்ளும் மரபில் வந்த வீட்டில் கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் மூன்று பின்பெயர் இருக்கும். இவர்கள் ஒரே குடும்பமா என்று அலுவலர் கேட்பார். பிறந்த நாள் பதிவில்லாதவர்களுக்குச் சனவரி 1 என்று போட்டுவிடுவது வழக்கம். எத்தியோப்பிய நாள்காட்டி பொது நாள்காட்டியைவிட 7 அல்லது 8 ஆண்டுகள் பின்தங்கியது. ஆப்கானியர் பயன்படுத்திவந்த சூரிய நாள்காட்டியில் ஆண்டு மார்ச்சில் பிறக்கிறது. இவற்றை மாற்றிக் கணக்கிடும்போது விழும் பிழை, பிறகு பொய் சொன்னதாகத் திரும்பி வரும். முதல் ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். அது தவறாக இருந்தால் வழக்கறிஞர் வழியாக முறைப்படி திருத்துங்கள். படிவத்துக்குப் படிவம் நீங்களே சரிசெய்யாதீர்கள்.

அடுத்தது அவருடைய கோரிக்கை. பேச்சில் எல்லோரும் கேஸ் என்றுதான் சொல்வார்கள். கணவரோடு சேர்ந்து வந்த பெண்ணின் கேஸ் கணவருடையதோடு ஒட்டிவைக்கப்படும். ஆனால் அவருக்கே தனிக் காரணம் இருக்கலாம்: பாலியல் வன்கொடுமை, கட்டாயத் திருமணம், மகளுக்குப் பிறப்புறுப்புச் சிதைப்பு நடத்திவிடுவார்கள் என்ற அச்சம். 1951 உடன்படிக்கை இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவில் உறுப்பாக இருத்தல், அரசியல் கருத்து என ஐந்து காரணங்களைத்தான் சொல்கிறது. பெண் என்பதால் நேரும் கொடுமை அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆயினும் அதைச் சமூகக் குழு என்ற காரணத்தின் கீழும் மற்றவற்றின் கீழும் கொண்டுவர முடியும் என்று ஆணையம் 2002இல் வெளியிட்ட வழிகாட்டுதல் விளக்குகிறது. ஆகவே வழக்கறிஞரை அவர் ஒருமுறையாவது தனியாகச் சந்திக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளுள் ஒன்று.

நேர்முகத்துக்குப் பெண் அதிகாரியும் பெண் உரைபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். இடைவேளை கேட்கலாம். பதிவுசெய்ததைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லிப் பிழையை அங்கேயே திருத்தலாம். கொடுமையை அனுபவித்தவரின் நினைவில் தேதிகள் குழம்பும். அது பொய்யின் அடையாளம் அல்ல. உடலிலும் மனத்திலும் உள்ள காயங்களை மருத்துவர்கள் பதிவுசெய்வதற்கு இஸ்தான்புல் நெறிமுறை என்ற ஐ.நா. கையேடு இருக்கிறது. 1999இல் உருவாகி 2022இல் திருத்தப்பட்டது. அந்த முறைப்படி அறிக்கை தரும் மருத்துவர் உண்டா என்று வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

கேஸுக்கு வலு சேர்க்கிறேன் என்று கதை கட்டிக் கொடுத்துக் காசு வாங்குபவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். சேர்த்த ஒரு பொய், உண்மையான ஒன்பது செய்திகளையும் சாய்த்துவிடும். அவர்களிடமிருந்து விலகி இருக்கச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு சொல் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

சொந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போய்க் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பது ஆபத்தாகலாம். அந்த அரசின் பாதுகாப்பை அவர் மறுபடி நாடிவிட்டார் என்று அது கொள்ளப்படக்கூடும். வழக்கறிஞரைக் கேட்காமல் தூதரகப் படி ஏற வேண்டாம். ஏற்கப்பட்ட அகதிகளுக்கு உடன்படிக்கையின் 28ஆம் பிரிவின்படி தனிப் பயண ஆவணம் கிடைக்கும்.

புது நாட்டில் பிள்ளை பிறந்தால் பிறப்புப் பதிவை நாள் கடத்தாதீர்கள். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை, பிறந்தவுடன் பதிவு, பெயர், தேசியம் மூன்றையும் 7ஆம் பிரிவில் உரிமையாக்கியிருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தந்தையைப் போலத் தாய் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. தந்தை காணாமற்போயிருந்தால் அந்தப் பிள்ளை எந்த நாட்டுக்கும் உரியதல்லாமல் போய்விடக்கூடும். திருமணச் சான்று, தந்தையின் அடையாள அட்டை, கைபேசியில் கிடக்கும் பழைய படம் எதுவானாலும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

பிரிந்த உறவினரைத் தேடச் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் குடும்பத் தொடர்பு மீட்புப் பணி இருக்கிறது. அதற்கு முன் அவர் சம்மதம் வாங்குங்கள். அவர் யாரிடமிருந்து தப்பி வந்தாரோ, அவரே அந்த உறவினராக இருக்கலாம். கணவரையோ விட்டுவந்த பிள்ளைகளையோ அழைத்துக்கொள்ள விண்ணப்பிப்பதானால், அகதியாக ஏற்கப்பட்ட அன்றே வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சில நாடுகளில் முதல் 3 மாதங்களுக்குள் விண்ணப்பித்தவருக்கு வருமானம், வீடு பற்றிய நிபந்தனைகள் இல்லை, தாமதித்தால் வந்துவிடும்.

மறுப்புக் கடிதம் வந்த நாளில் ஆறுதலை அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கெடுத் தேதியைக் கண்டுபிடித்து வழக்கறிஞரை அழைக்க வேண்டும். பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கூட உட்கார்ந்திருங்கள்.

5. மருத்துவர்

குடும்ப மருத்துவரிடம் பதிவு, தடுப்பூசி, பல், கண், காது. இந்த வரிசையில் போனால் பள்ளிக்கும் உதவும். தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் போடாதவராகவே எடுத்துக்கொண்டு அட்டவணையைத் தொடங்குவதுதான் பொதுவான நடைமுறை. ஒரு தவணை கூடுதலாகப் போவதால் பெரும்பாலும் தீங்கில்லை. கேட்காத காதையும் தெரியாத கண்ணையும் மந்தபுத்தி என்று பள்ளி முத்திரை குத்துவதற்கு முன் பரிசோதித்துவிடுங்கள்.

தாய் தன்னைக் கடைசியில்தான் வைப்பார். அவருக்கென்று தனி நேரம் குறிக்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் தாமதம் கூடாது. பிரசவத்துக்கு முன் 8 முறையாவது பரிசோதனை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. பாலியல் வன்கொடுமை அண்மையில் நடந்திருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்: எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரை 120 மணி நேரம் வரை, எவ்வளவு விரைவாக எடுத்தால் அவ்வளவு நல்லது. காவல்துறைக்குப் போவதா என்பதை அவர் பிறகு முடிவு செய்யலாம். சிகிச்சைக்கு அது முன்நிபந்தனை ஆகக் கூடாது.

போரால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மற்ற நால்வருக்கு வேண்டியது பெரும்பாலும் தூக்கம், பாதுகாப்பு, நிலையான அன்றாடம், பேச ஓர் ஆள். தற்கொலை எண்ணம், பிள்ளைகளைக் கவனிக்க முடியாத சோர்வு, வாரக்கணக்கில் தூக்கமின்மை இவற்றைக் கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள்.

6. பள்ளிக்கூடம்

முடிவு வரட்டும், மொழி வரட்டும் என்று காத்திருக்காமல் சேர்த்துவிடுங்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மொழிக்குத் தனி உதவி கேளுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஏழு வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைப்பது மொழியைக் கற்றுத்தருவதில்லை, தலைகுனிவைத்தான் கற்றுத்தரும்.

புதிய வகுப்பில் பிள்ளை சில வாரங்கள், சிலசமயம் சில மாதங்கள்கூட வாய் திறக்காது. பயப்பட வேண்டாம், உள்ளே வாங்கிக்கொண்டிருக்கும். விளையாட்டுத் திடலில் பேசும் மொழி ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும். பாடப்புத்தகத்தின் மொழியில் சக மாணவர்களை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம் என்கின்றன இருமொழிக் கல்வி ஆய்வுகள். நன்றாகத்தானே பேசுகிறாள் என்று ஆசிரியர் மொழி உதவியை நிறுத்தப் பார்க்கும் தருணம் வரும். அப்போது தாயோடு நீங்களும் போய்ப் பேசுங்கள்.

வீட்டிலும் புதுமொழியே பேசுங்கள் என்று சில நல்லவர்கள் அறிவுரை சொல்வார்கள். தவறான அறிவுரை. தாய் தனக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் கதை சொல்லட்டும், கண்டிக்கட்டும், கொஞ்சட்டும். தாய்மொழியில் வலுவாக நிற்கும் பிள்ளைக்கு அடுத்த மொழி எளிதாகவே வருகிறது. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவும் சிறுபான்மைக் குழந்தை தன் மொழியைப் பேசும் உரிமையைச் சொல்கிறது.

ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில: தீயணைப்பு ஒத்திகை மணி, வாணவேடிக்கை, சீருடைக்காரர், இருட்டறை, உன் குடும்பத்தை வரைந்து வா என்ற வீட்டுப்பாடம். இவற்றில் எது அந்தப் பிள்ளையைக் கலங்கடிக்கும் என்று தாய்க்குத் தெரியும். எவ்வளவு சொல்லலாம் என்பதையும் தாயே முடிவு செய்யட்டும். படுக்கையை நனைப்பது, மறுபடி விரல் சூப்புவது, தாயை விட்டு அகலாமல் இருப்பது எல்லாம் கொஞ்ச காலம் வரும், போகும். திட்டாமல் இருந்தால் விரைவில் போகும். விளையாடவிடுங்கள், மற்றப் பிள்ளைகளோடு. அதற்கு ஈடான மருந்து எனக்குத் தெரியவில்லை.

மூத்த பெண்ணைக் கவனியுங்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள, சமைக்க, தாயோடு அலுவலகம் போக என்று அவள் பள்ளி நாள்கள் கரைந்துகொண்டிருக்கும். மூத்த பையனுக்கோ சம்பாதிக்க வேண்டும் என்ற அழுத்தம். பெற்றோர் இல்லாமல் தனியாக வந்த சிறுவர் என்றால் சட்டப்படி பாதுகாவலர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அவருக்குத் தெரியாமல் நீங்கள் எதையும் முடிவு செய்யக் கூடாது.

இன்னொன்று, மிக நுட்பமாகப் பேச வேண்டியது. பிள்ளைகளை அடிப்பதை 1979இல் முதன்முதலாக முழுமையாகத் தடைசெய்த நாடு ஸ்வீடன். இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தத் தடை இருக்கிறது. பிள்ளையை அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும் என்ற வதந்தி ஒவ்வொரு அகதிக் குடியிருப்பிலும் உலவுகிறது. இங்கே சட்டம் என்ன, பிள்ளையை எத்தனை வயது வரை வீட்டில் தனியாக விடக் கூடாது, குழந்தை நல அலுவலர் வீட்டுக்கு வந்தால் தாய்க்கு என்ன உரிமைகள் என்பதையெல்லாம் சிக்கல் வருவதற்கு முன்பே, அவர் நம்பும் ஒரு பெண்ணைக் கொண்டு அவர் மொழியில் விளக்கச் செய்யுங்கள். குற்றம் சாட்டும் தொனி துளியும் வேண்டாம்.

7. பணமும் வேலையும்

வங்கிக் கணக்கு அவர் பெயரில். குழந்தைக்கான உதவித்தொகை அந்தக் கணக்குக்கு வர முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் கடன் கொடுக்காதீர்கள். உறவின் நிறம் மாறிவிடும். வந்த வழிக்காகப் பட்ட கடன் இருக்கிறதா என்று அமைப்பின் சமூகப் பணியாளர் மெதுவாக விசாரிக்கட்டும். அந்தக் கடன்தான் சுரண்டலின் வாசல். அடையாள அட்டை வேறு யாரிடமோ இருக்கிறது, கேள்விக்கு வேறொருவர் பதில் சொல்கிறார், வேலை செய்கிறார் ஆனால் கூலி கையில் வரவில்லை என்று கண்டால் ஆள்கடத்தலாக இருக்கலாம். தனியாகத் துப்பறியக் கிளம்பாமல் அமைப்பிடம் சொல்லுங்கள்.

அகதிப் பெண் என்றால் துப்புரவு வேலைதான் என்று எண்ணுபவர்களை நிறையப் பார்க்கிறோம். அவர் செவிலியாக, ஆசிரியையாக, கணக்காளராக இருந்திருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? சான்றிதழ் இல்லாத அகதிகளின் தகுதியை மதிப்பிட நியாயமான வழிமுறை வேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் அங்கீகார உடன்படிக்கையின் 7ஆம் அத்தியாயம் சொல்கிறது. அதையொட்டி ஐரோப்பிய மன்றமும் யுனெஸ்கோவும் தகுதிக் கடவுச்சீட்டு என்ற ஏற்பாட்டை நடத்துகின்றன. மொழி வகுப்பைத் தேடும்போது குழந்தை பராமரிப்போடு இருப்பதைத் தேடுங்கள். அது இல்லாத வகுப்பு கைக்குழந்தைக்காரருக்கு இருந்தும் இல்லாததுதான்.

8. வீட்டுக்குள்ளே வன்முறை என்றால்

புது நாட்டின் நெருக்கடியில் இது கூடுவதுண்டு. ஐயம் வந்தால் கணவரிடம் கேட்காதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். அது அந்தப் பெண்ணின் மேல்தான் திரும்பும். தனியாக இருக்கும்போது, வீட்டில் பயமில்லாமல் இருக்க முடிகிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் பெண்கள் உதவி எண்ணையும் காப்பகத்தையும் பற்றிச் சொல்லுங்கள். அந்த எண்ணை அவர் கைபேசியில் வேறு பெயரில் சேமிக்கலாம். கணவரை விட்டால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற மிரட்டல் மிகவும் சாதாரணம். வன்முறைக்கு உள்ளானவர் தனியாகத் தங்கும் உரிமை பெறப் பல நாடுகளில் சட்டத்தில் வழி இருக்கிறது. வழக்கறிஞர் இதைப் பார்த்துச் சொல்லட்டும். போவதா, இருப்பதா, எப்போது என்பதை அவர் முடிவு செய்வார். கிளம்பும் நேரம்தான் ஆபத்து மிகுந்தது என்பதால் அவசரப்படுத்தாதீர்கள். பிள்ளைக்குத் தீங்கு என்றால் மட்டும் நீங்கள் அமைப்பிடம் சொல்லியே ஆக வேண்டும். இந்த விதியை அறிமுகமான நாள்களிலேயே அவரிடம் சொல்லிவைத்திருங்கள்.

9. ஒதுங்கும் காலம்

ஒரு வேலையை முதல்முறை நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டாம்முறை இருவரும் சேர்ந்து. மூன்றாம்முறை அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்கலாம். மின்கட்டணம், மருத்துவரிடம் நாள் குறிப்பது, பள்ளிக்கு லீவு சொல்வது எதுவானாலும் இதே கணக்கு. தட்டுத்தடுமாறிப் பேசும் அந்த இரண்டு நிமிடத்தைப் பொறுக்க முடியாமல் தொலைபேசியை வாங்கிப் பேசிவிடுபவர்கள் நம்மில் நல்ல மனம் கொண்டவர்களே. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பை எடுக்காமல் விடுவார். நீங்கள் ஏற்பாடு செய்த வகுப்புக்குப் போகாமல் இருப்பார். உங்களுக்குப் பிடிக்காத வீட்டைத் தேர்ந்தெடுப்பார். வளர்ந்த ஒரு பெண் தன் வாழ்க்கையை நடத்துகிறார் என்றே இதை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் சோர்ந்து நின்றுவிடுகிறார்கள். உங்கள் மனமும் கனத்தால் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி இடைவெளி எடுங்கள். குடும்பத்திடம் முன்பே சொல்லிவிட்டு எடுங்கள். சொல்லாமல் மறைந்துபோவது, ஏற்கெனவே பலரை இழந்த பிள்ளைகளுக்கு இன்னோர் இழப்பு.

விடைபெறும் நாள் முன்கூட்டியே தெரிந்த நாளாக இருக்கட்டும். அதற்கு முன் முடிக்க வேண்டியவை: பள்ளியின் அவசரத் தொடர்புப் பட்டியலில் உங்கள் எண் இருந்தால், அவர் சொல்லும் தோழியின் எண்ணாக மாற்றுங்கள். வழக்கறிஞரும் மருத்துவமனையும் அவருடைய எண்ணுக்கே அழைக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டுச் சாவி உங்களிடம் இருந்தால் கொடுத்துவிடுங்கள். உங்கள் கைபேசியில் இருக்கும் அவருடைய அடையாள அட்டை, கடிதங்கள், பிள்ளைகளின் படங்கள் எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பிவிட்டு, அவை வந்து சேர்ந்ததாக அவர் சொன்ன பிறகு அழித்துவிடுங்கள்.